பதினோராம் மாடி அம்மன்

பினாங்குத் தீவில் முறைப்படி சாமி கும்பிடத் தெரிந்தவர்கள் மொத்தம் நாற்பது பேர். அதில் முப்பத்தெட்டுப் பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சமுள்ள இருவரில் ஒருவர் பழைய கோயில் குருக்கள். அவருக்கும் இப்போதெல்லாம் மந்திரத்துக்கு நடுவில் கொட்டாவி வந்துவிடுகிறது. ஆகவே தீவின் சைவம் மொத்தமும் தம் ஒருவர் தோள்மேல்தான் நிற்கிறது என்று சிவகரன் சொல்வார். சிரிக்காமல் சொல்வார். கேட்பவர் சிரித்துவிட்டால், அவருக்கு அந்த நாற்பதில் இடமில்லை என்பது அப்போதே முடிவாகிவிடும்.

பகலில் அவர் ஜார்ஜ்டவுனில் ஒரு காப்பீட்டு அலுவலக மேலாளர். மாலையில் பழைய கோயிலின் செயலாளர். அவருடைய தாத்தா கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அந்தக் காலத்தில் ரயில்கள் நேரத்துக்கு வந்ததற்கு அவரே காரணம். அவர் ஓய்வு பெற்ற பிறகு ரயில் தாமதமாக வந்த நாட்களை சிவகரன் இதற்குச் சான்றாகக் காட்டுவார்.

"எங்கட பரம்பரையில ஒருத்தரும் ஒருத்தரிட்டயும் கை நீட்டினதில்லை" என்பது அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு உண்மை. கோயில் பிரசாதத்தைக்கூட அவர் கை நீட்டி வாங்கியதில்லை. மூன்றடுக்குத் தூக்குச்சட்டியைக் காலையிலேயே மடைப்பள்ளியில் வைத்துவிட்டுப் போவார். மாலையில் அது நிறைந்திருக்கும்.

இப்படி நிம்மதியாக இருந்த சைவத்துக்குள்தான் நிபோங் திபாலிலிருந்து ஓர் அம்மன் வந்து சேர்ந்தாள்.

நிபோங் திபாலுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. தோட்டத்து அம்மனுக்கு மட்டும் அந்த வீடமைப்பில் வீடு ஒதுக்க மறந்துவிட்டார்கள். அம்மன் என்றால் முழங்கால் உயரக் கல். இரண்டு வெள்ளிக் கண். தொழிற்சாலை பஸ் ஓட்டும் முனுசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸோடு போய், கல்லை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, பாலத்தைக் கடந்து தீவுக்குக் கொண்டுவந்தார். பதினோராவது மாடியில் அவருடைய ஃபிளாட். சமையலறைக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷின் இருந்த இடத்தில் அம்மன் அமர்ந்தாள். வாஷிங் மெஷின் பால்கனிக்குப் போனது.

முனுசாமியின் மனைவி மீனாட்சி சிப் செய்யும் ஃபேக்டரியில் வேலை செய்பவள். பாட ஆரம்பித்தால் ஃபிளாட் முழுக்கக் கேட்கும். பழைய தோட்டத்து ஆட்கள் தீவெங்கும் சிதறிக் கிடந்தார்கள். லாரி ஓட்டுபவர், காவலாளி, ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவர் என்று. வெள்ளிக்கிழமை தோறும் அவர்கள் படியேறி வந்தார்கள், ஏனென்றால் லிப்ட் பெரும்பாலும் ரோசாக். பஜனை நடந்தது. கையைத் தட்டிப் பாடினார்கள். கீழ்மாடிக்காரர்கள் முதலில் பொறுத்தார்கள், பிறகு ஃபிளாட் நிர்வாகத்துக்குச் சொன்னார்கள். நிர்வாகம் மூன்று மொழியிலும் வேண்டாம் என்றது.

அதனால்தான் அவர்கள் பழைய கோயிலுக்கு வந்தார்கள்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. பிற்பகல் முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோயில் வாசலில் தண்ணீர் தேங்கி, செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. தீபாராதனைக்கு இன்னும் நேரமிருந்தது, திரை போட்டிருந்தார்கள். மின்சார மேளம் கெட்டுப்போய் ஒரு மாதம் ஆகியிருந்ததால் முன்மண்டபத்து மணியைக் கயிறு பிடித்துத்தான் அடிக்கவேண்டும். மீனாட்சி வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். ஃபேக்டரி நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை. பின்னால் முனுசாமியும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும்.

"அண்ணே, பின்னால அந்த ஸ்டோர் ரூம் சும்மாதானே கெடக்கு" என்றாள் மீனாட்சி. "அங்க ஒரு மூலையில ஆத்தாள வெச்சுக்கிறோம். வெள்ளிக்கிழம ஒரு மணி நேரம் பாடிட்டுப் போயிருவோம்."

"அது சும்மா கெடக்கலம்மா. அதுல நாற்காலி இருக்கு."

"நாற்காலிய நாங்க அடுக்கிக் குடுத்துர்றோம்ணே" என்றார் முனுசாமி.

"இங்க பாருங்க. இது ஆகமப்படி கட்டுன கோயிலு. ரோட்டோரம், மரத்தடி, எஸ்டேட்டுனு வர்ற சாமிக்கெல்லாம் எடம் குடுத்தா, நாளைக்குச் சீனவங்க கும்பிடுற டத்தோ சாமியும் கேப்பாரு."

"ஆத்தாளும் சாமிதானே அண்ணே."

"நான் இல்லேன்னு சொன்னேனா. ஒவ்வொரு சாமிக்கும் ஒரு தரம் இருக்குலா."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். சிவகரனுக்குச் சபையைக் கண்டால் குரல் தானாக ஏறும்.

"கையத் தட்டிக் கூத்தடிக்கிறதுக்கு எங்க கோயிலா கெடச்சுச்சு? வேணும்னா நீங்களே ஒண்ணு கட்டிக்குங்க. காசில்லையா, போய்ப் பிச்ச எடுத்துக் கட்டுங்க."

மணி அடித்தது.

திரை விலகவில்லை. குருக்கள் இன்னும் உள்ளே திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் மணி அடித்தது. ஒருமுறை அல்ல, மண்டபமே அதிர விடாமல் அடித்தது. அது நின்றதும் முனுசாமி ஈரத் தரையில் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"உத்தரவு குடுத்துட்டா" என்றார், தரையைப் பார்த்தபடி. "அண்ணன் வாயில வந்து சொல்லிட்டா."

வார்த்தை வாயை விட்டு வரும்போது மணி அடித்தால் அது சாமி போட்ட கையெழுத்து. தோட்டத்தில் பெண் பார்ப்பதும் மாடு வாங்குவதும் அப்படித்தான் முடிவாகும். மணியை அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை. பதினைந்து பேரும் சிவகரனைக் கும்பிட்டுவிட்டு, மிதந்த செருப்புகளைப் பிடித்து மாட்டிக்கொண்டு போனார்கள். மீனாட்சி மட்டும் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அன்றிரவு சிவகரன் இதை ஒரு நகைச்சுவையாகத்தான் வீட்டில் சொன்னார். மனைவி அருந்ததி சிரிக்கவில்லை. அவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பொதுவாகவே கணவரின் நகைச்சுவைக்கு அவர் மதிப்பெண் போடுவதில்லை.

அந்த ஆட்கள் சிவகரன் சொன்னபடியே செய்தார்கள் என்பதுதான் இதில் கேவலம்.

தோட்டத்தில் நேர்த்திக்கடன் என்றால் மடிப்பிச்சை உண்டு. மஞ்சள் துணி கட்டி, முந்தானையை ஏந்தி, வீடு வீடாக நின்று ஒரு பிடி அரிசி கேட்பது. எவ்வளவு வசதி இருந்தாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இவர்கள் அதோடு ஒரு செங்கல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். பினாங்கில் யார் வீட்டிலும் வீட்டை இடித்துக் கட்டிய மிச்சம் பின்வாசலில் கிடக்கும். மஞ்சள் சேலையில் ஓர் அம்மாள் வந்து, "ஒரு புடி அரிசி, ஒரு செங்கல்" என்று கேட்டால், சீனர் வீட்டில்கூட முதலில் விழித்துவிட்டு, பிறகு பின்கட்டுக்குப் போய் ஒன்றை எடுத்து வருவார்கள். பழனியப்பன் என்ற லாரி முதலாளியின் கேட்டில் மீனாட்சி நின்றாள். என்னத்துக்கு என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். இரண்டு லாரி நிறுத்தும் இடத்தைக் காட்டி, "சாக்கட வரைக்கும் எடுத்துக்கம்மா" என்றார் அவர். கோயிலுக்கு நிலம் அப்படி வந்தது. நகராண்மையின் அனுமதி மட்டும் கேட்டவுடன் வரவில்லை. அங்கே மடியேந்தினால் போதாது, மலாயில் கடிதம் எழுத வேண்டும். இலக்கணப் பிழை இல்லாத மலாயில் யாரோ எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். யாரென்று சிவகரன் விசாரிக்கவில்லை. வீட்டு பிரிண்டரில் மை ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

"பிச்சைக்காரக் கோயில்" என்று கமிட்டியில் அவர் பெயர் வைத்தார். "கும்பாபிஷேகத்துக்குக் குடத்துக்குப் பதில் திருவோடு வைப்பாங்க" என்றார். கமிட்டி சிரித்தது.

ஆனால் தெருவில் நடக்கத்தான் முடியவில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர் மதியம் சாப்பிடுவது ஹைதர் கடையில். ஹைதர் தாமே சோற்றைப் போட்டு, குழம்புகளைக் கலந்து ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒங்க ஆளுங்க வந்தாங்க சிவகரன்."

"யாரு எங்க ஆளு?"

"மஞ்சச் சேல கட்டிக்கிட்டு. நான் ஒரு மூட்ட அரிசி தர்றேன், கொண்டு போங்கன்னேன். வேணாம் பாய், ஒரு புடிதான்னாங்க. என்னா கணக்கு இதுன்னு கேட்டா, சிவகரன் அண்ணன் வாக்குங்கிறாங்க. நீங்க இவ்ளோ பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. கண்டதயும் சாப்பிட வெச்சுட்டேன்."

"பாய், நான் வந்து... அது வேற மாதிரி."

"அடக்கமாப் பேசாதீங்க. ஒங்களுக்கு அது செட் ஆகல. வெண்டக்கா இன்னும் போடவா?"

அவருக்கு முகம் சுட்டது. வெண்டைக்காய் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் தலையாட்டிவிட்டார். ஹைதர் அள்ளிப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில், பெட்ரோல் நிலையத்தில், பட்டர்வொர்த் ஃபெரியில் எங்கே போனாலும் யாரோ ஒருவர் எழுந்து இடம் கொடுத்து, "வாக்கு சொன்ன அண்ணன்" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். கும்பிடுகிறவர்களை என்ன செய்வது? நான் உங்களை அவமானப்படுத்தினேன், தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள் என்று எப்படிக் கெஞ்சுவது?

கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, காடியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் பழனியப்பனின் லாரிப் பட்டறைப் பக்கமாக நடந்து போய், எழும்பும் கோயிலை அவர் எட்டிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அறை, முன்னால் தகரக் கொட்டகை. ஆனால் அந்தச் சுவர். சிவப்புச் செங்கல், சிமெந்துக் கல், ஓட்டைக் கல், குளியலறை டைல்ஸ் ஒட்டியபடியே வந்த பாதிக்கல், பழைய கடைவீட்டுத் தட்டைச் செங்கல் என்று ஒன்றுக்கொன்று அளவு சேராத கற்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கலவையைக் கூட்டிக் குறைத்து, எப்படியோ மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்காமல் வந்து கல் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிச்சை அரிசி பெரிய சட்டியில் வெந்தது. பல வீட்டு அரிசி. பாதி குழைந்தும் பாதி விறைத்தும்தான் வரும். அதன் மேல் பருப்பும் கருவாட்டுச் சம்பலும். பூசை தொடங்கும்வரை கருவாடு உண்டு என்பது அவர்கள் ஆகமம்.

"சொவரப் பூச வேண்டாம்னு சொல்லிட்டோம்ணே" என்று பின்னாலிருந்து முனுசாமியின் குரல். "பூசிட்டா யாரு கல்லு எங்கன்னு தெரியாமப் போயிருமே."

மாட்டிக்கொண்டார். அங்கிருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள். கோப்பி வந்தது. ஒருவர் அட்டையால் விசிறினார். மீனாட்சி கையில் ஒட்டியிருந்த சிமெந்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்கள பாக்க வரணும்னே இருந்தோம். மொதப் பொங்கலுக்கு ஒரு புடி அரிசி பாக்கி."

"அதுக்கென்னம்மா. நல்ல பாஸ்மதியா ஒரு மூட்ட அனுப்புறேன்."

"மூட்ட வேணாம்ணே. வாக்கு குடுத்தவங்க கேட்டு வாங்குன புடி. அதப் போட்டுத்தான் ஒல பொங்கணும்."

"கேட்டு வாங்குறதுன்னா?"

"மடியேந்தி" என்றார் முனுசாமி உற்சாகமாக. "ஒரே ஒரு வீடு போதும்ணே. எந்த வாசல்ல போய் நிக்க ரொம்ப வெக்கமோ, அந்த வாசல். நம்ம தோட்டத்துல மொதப் புடிக்கு அப்படித்தான்."

விசிறியவரின் கை நின்றது. எல்லோரும் சிவகரனையே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார்.

"பாப்போம்" என்றார். கோப்பியைச் சூடாகவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

வீட்டில் அருந்ததி புட்டு அவித்துக்கொண்டிருந்தார். சிவகரன் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, நடந்ததைத் தமக்கே உரிய முறையில் சொன்னார்.

"நான் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாப் போக வேணுமாம். ஸ்டேஷன் கிளார்க் கதிர்காமநாதன்ர பேரன். பேப்பர்ல போட்டோ வரும். காப்பீட்டு மேலாளர், பகுதிநேரப் பிச்சை."

அருந்ததி புட்டைத் தட்டில் கொட்டினார். தேங்காய்ப்பூவும் ஆவியும் சேர்ந்து மணத்தது. "போவீங்களோ?"

"நீர் என்ன விசரே? அதுகள் நம்புறது முழுக்க முட்டாள்தனம். மணி சும்மா அடிச்சது. எலி ஏதும் கயித்தில தொங்கியிருக்கும்."

"எலி இல்லை."

"பின்ன?"

"நான்தான் அடிச்சனான்."

சிவகரன் நிமிர்ந்தார். அருந்ததி அவரைப் பார்க்காமல் சம்பலைக் கிண்ணத்தில் வழித்தார்.

"தூணுக்குப் பின்னால நிண்டனான், நீங்கள் காணேல்லை. நீங்கள் பிச்சை எண்டு தொடங்கினதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அந்தப் பிள்ளை வேலையால வந்து, கழுத்தில அட்டையோட நிக்குது. உங்கட வாயைப் பொத்த ஏலாது. கயிறு கைக்கு எட்டிச்சுது. உங்கட சத்தம் அவைக்குக் கேக்கக் கூடாதெண்டு இழுத்து இழுத்து அடிச்சன்."

"இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? அவை அதை உத்தரவு எண்டு எடுத்திட்டினம். நிலம் வந்திட்டுது, சுவர் எழும்பிட்டுது. அது சாமி இல்லை, மனுசனுக்காக வெக்கப்பட்ட பொஞ்சாதி எண்டு போய்ச் சொல்லவோ? நான் என்னால ஏலுமானதைச் செய்தன். கடிதம் எழுதிக் குடுத்தன்."

"எங்கட பிரிண்டரில."

"ஓம். எங்கட பிரிண்டரில."

வெளியே ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"முப்பது வருசமா உங்களோட கோயிலுக்கு வாறன்" என்றார் அருந்ததி. "ஒவ்வொரு தரமும் உங்கட பேச்சு ஏறேக்க, தூண் எங்க எண்டுதான் முதல்ல பாக்கிறது."

சிவகரன் புட்டைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. பேசுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று தேடினார். ரயில்வே தாத்தா, ஆகமம், நாற்பது பேர் என்று எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. எதையும் எடுத்து வைக்கக் கூச்சமாக இருந்தது.

"அவை நம்பினது பொய்யாப் போகக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அருந்ததி கை கழுவப் போனார்.

மறுநாள் காலையில் பழைய வேட்டி ஒன்று மஞ்சளில் நனைத்துப் பிழிந்து கொடியில் காய்ந்தது. பக்கத்தில் ஒரு துண்டு. இதை யார் நனைத்தது என்று அருந்ததி கேட்கவில்லை. குளியலறைத் தொட்டியில் மஞ்சள் கறை திட்டுத்திட்டாக இருந்தது. நனைத்தவருக்குப் பழக்கமில்லை என்பது தெரிந்தது.

எந்த வாசல் என்று யோசிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. யோசிப்பதுபோல் இருக்க, என்று சொல்வதே சரி. கமிட்டித் தலைவர் வீடு, மைத்துனர் வீடு, ஹைதர் கடை என்று வரிசையாக நினைத்துப் பார்த்தார். அங்கெல்லாம் ஒரு நகைச்சுவை சொல்லிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத வாசல் ஒன்றுதான். அது அவருக்கு முதலிலேயே தெரியும்.

லிப்ட் ரோசாக். மஞ்சள் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான்காம் மாடியில் ஒரு சீனக் கிழவர் மீன்தொட்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஏழாம் மாடியில் சிவகரன் உட்கார்ந்துகொண்டார். ஏறும்போதே சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தார். மணி அடித்தது என் மனைவி. நான் சொன்னது வாக்கு இல்லை. ஆனாலும் அதிலிருந்த குத்தல் மணிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது, அது ஒரு நல்லதாய்ப் போயிற்று. கடைசி வரி அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

கைலி கட்டிக்கொண்டு பல் துலக்கியபடி முனுசாமி கதவைத் திறந்தார். வாய் நிறைய நுரையோடு ஒன்றும் சொல்ல முடியாமல் உள்ளே ஓடினார். மீனாட்சி வந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். கழுத்தில் அட்டை இருந்தது. இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவருடைய வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"மீனாட்சி" என்றார், மூச்சு வாங்க. "அன்னிக்கு அந்த மணிய..."

"அருந்ததி அக்கா அடிச்சாங்க. தெரியும்ணே. கயித்துல அவங்க கைய பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. ஒரு மனுசி அந்த மாதிரி அழுதுகிட்டே மணி அடிச்சா, அதவிட என்ன உத்தரவு வேணும்னு இருந்துட்டேன்."

அழுதது அவருக்குத் தெரியாது. அருந்ததி அதைச் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... நான் சொன்னது. சத்தத்துல ஒனக்கு..."

"எல்லாம் கேட்டுச்சுண்ணே" என்றாள் மீனாட்சி.

குரலில் கோபமில்லை. மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். உள்ளே, வாஷிங் மெஷின் இருந்த இடத்தில், சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வெள்ளிக் கண்கள் தெரிந்தன. முனுசாமி வாயைக் கொப்பளித்துவிட்டு மனைவிக்குப் பின்னால் வந்து நின்றார்.

சிவகரன் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினார்.

"சும்மா நீட்டக்கூடாதுண்ணே" என்றார் முனுசாமி மெதுவாக, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "வாய் தெறந்து கேக்கணும்."

சிவகரன் கேட்டார். சபையில் ஏறும் குரல் இல்லை அது. முனுசாமி அதைக் கேட்கச் சற்று முன்னால் சாய வேண்டியிருந்தது.

எந்த மணியும் அடிக்கவில்லை. உள்ளே மீனாட்சி அரிசிப் பானையின் மூடியைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் துண்டை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டார்.